ஆறாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை குறைவு

செசிலியாவின் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு உண்டு என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் அவள் இறங்க மாட்டாள். எஞ்சினை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வண்டிமேல் இருந்தபடியே பேசுவாள். பேசும்போதே அவள் கண் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடும். மே மாத வெயிலில் தெருக்கோடியில் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். நான் போக நினைத்த வீட்டுக்கு அவள் போய்விட்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

என் பெயர் சந்திரகலா. நெய்வேலியை ஒட்டிய ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வீட்டுக்காரர் சுரங்கத்தில் பர்மனன்ட் என்பதால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். செசிலியா அதே சாலையில் சில நிறுத்தங்கள் தள்ளி இருக்கும் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஊர்க்காரர்களுக்கு அது 'பாதர் பள்ளிக்கூடம்'. கோடை விடுமுறை விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர்களில், ஒரே தெருக்களில், ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைத் தேடி அலைவோம். இதற்குப் பிள்ளை பிடிக்கப் போவது என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். பயந்துகொண்டு போகிறவர்கள் நாங்கள்தான்.

ஆகஸ்ட் முதல் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் தேவை என்று முடிவு செய்வார்கள். முன்பெல்லாம் பிள்ளைகள் தாமாக வந்தார்கள். இப்போது சுரங்கம் நகர நகர ஊர்களும் நகர்கின்றன. நிலம் கொடுத்தவர்கள் குள்ளஞ்சாவடிப் பக்கமோ சேத்தியாத்தோப்புப் பக்கமோ வீடு கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சம் இருக்கிறவர்களின் வாசலில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. அதற்கும் தப்பிய பிள்ளைகளுக்காகத்தான் நானும் செசிலியாவும் அடித்துக்கொண்டோம்.

எங்கள் பள்ளியில் பிள்ளை குறைந்தால் எனக்கு என்ன ஆகும்? உபரி ஆசிரியர் என்று சொல்லி வேறு ஊருக்கு மாற்றுவார்கள். திட்டிக்கொண்டே பஸ் ஏறுவேன். சம்பளம் என் பின்னாலேயே வந்துவிடும். செசிலியாவின் கதை அப்படியில்லை. உதவி பெறும் பள்ளியில் ஆளைப் பார்த்து வேலைக்கு வைப்பது நிர்வாகம்; சம்பளம் கொடுப்பது அரசாங்கம். நடுவில் கல்வி அலுவலகம், சரி, இந்த ஆளை ஏற்றுக்கொண்டோம் என்று ஒப்புதல் தர வேண்டும். அவர்கள் அதை அப்ரூவல் என்பார்கள். அது வந்தால்தான் அரசுச் சம்பளம். அது வரும்வரை நிர்வாகம் தன் கையிலிருந்து ஏதோ கொடுக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய மகள் ஸ்டெல்லா கைக்குழந்தை. இப்போது ஸ்டெல்லா அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள், சரியாகவே இருக்கிறது. அப்ரூவல் மட்டும் வரவில்லை. ஒரு அதிகாரி ஓய்வு பெற்றார், இன்னொருவர் ஏதோ சந்தேகம் கேட்டார், அப்புறம் கோர்ட்டில் வழக்கு என்றார்கள், அப்புறம் அந்த வழக்கு முடியட்டும் என்றார்கள். இதற்கிடையில் அவளிடம் படித்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பு தாண்டி, கல்லூரி தாண்டி, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வீட்டில் மட்டும் நிம்மதி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அவள் கணவன் சைமன்ராஜ் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. பக்கத்தில் நிற்கும் பர்மனன்ட் ஆள் செய்யும் அதே வேலை, அதே ஷிப்ட், சம்பளம் மட்டும் வேறு. நெய்வேலியில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கு விளக்கம் தேவையில்லை. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் படிப்பை விசாரிப்பதற்கு முன்னால் பர்மனன்டா கான்ட்ராக்டா என்றுதான் கேட்பார்கள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக் காத்திருந்தார்கள். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிறாளே என்று நான் அவளை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். உட்கார்ந்தால் ஃபோன் வந்தது கேட்காமல் போய்விடும் என்பாள். எந்த ஃபோன் என்று நான் கேட்டதில்லை, எனக்கே தெரியும்.

பிள்ளை பிடிக்கப் போகும் வீடுகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். முதல் கேள்வி, உங்களுது கவர்மெண்டா? என்னிடம் இதைக் கேட்டால் கொஞ்சம் இளப்பமாகக் கேட்பார்கள். அவளிடம் கேட்டால் ஆசையாகக் கேட்பார்கள். இது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஜனங்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் பள்ளியில் மாற்றல் கவுன்சிலிங் வந்தால் கணக்கு வாத்தியார் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுவார். அடுத்தவர் வரும்வரை பிள்ளைகள் மைதானத்தில் கணக்குப் போடுவார்கள். பாதர் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு மாற்றல் என்பதே இல்லை. சேர்ந்த பள்ளியிலேயே தலை நரைக்கும். அப்பனுக்குப் பாடம் நடத்தியவர் பிள்ளைக்கும் நடத்துவார். பிரேயருக்குத் தாமதமாக வந்தால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். புத்தகமும் மதியச் சாப்பாடும் சைக்கிளும் எங்கள் பிள்ளைகளைப் போலவே அங்கேயும் உண்டு. எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது அது கவர்மெண்டு இல்லாமல் வேறு என்ன என்று ஜனங்கள் நினைத்ததில் தப்பில்லை. செசிலியாவும் "கவர்மெண்டு மாதிரிதாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்திவிடுவாள்.

இரண்டாவது கேள்வி, உங்க பிள்ளை எங்கே படிக்கிறது? இதுதான் ஆசிரியர்களைக் கவிழ்க்கிற கேள்வி. எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை எனக்கு உதவியாக இருந்த ஒரே இடம் அதுதான். செசிலியா வருஷா வருஷம் ஒரே பதில் சொல்வாள்.

"எங்க ஸ்டெல்லா இன்னும் சின்னப் புள்ளைங்க. ஆறாவது வரட்டும், எங்க ஸ்கூல்லதான் சேப்பேன். அப்ப நீங்களே வந்து பாருங்க."

அதைக் கேட்டுப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

சரிதா என்ற பெண் செசிலியா முதன்முதலில் பிடித்த பிள்ளை. திருவதிகைப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்த குடும்பம். செசிலியாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஆறாம் வகுப்பில் சேர்த்தாள். நன்றாகப் படித்தாள் என்று சொன்னால் போதாது, அந்தப் பள்ளியே அவள் பெயரைச் சொல்லிப் பிள்ளை சேர்த்தது. பத்தாம் வகுப்பு வரை அங்கே. பிளஸ் டூ இரண்டு வருஷமும் அரசுப் பள்ளியில். அவள் ஆறாம் வகுப்பு சேர்ந்தபோது இல்லாத ஒரு சட்டம் நடுவில் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தனியாக இடம் ஒதுக்கினார்கள். அவளுடைய நீட் மதிப்பெண்ணுக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், உதவி பெறும் பள்ளி சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

சரிதாவின் அம்மா பாதர் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. செசிலியாவைப் பார்த்ததும், "டீச்சர், நீங்க கவர்மெண்டு மாதிரின்னுதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். சட்டம் வந்ததற்கு செசிலியா என்ன செய்வாள்? அன்றைக்கு அவள் சொன்னதில் பொய் இல்லை. ஊரே அதைத்தான் அவளுக்குச் சொன்னது, நானும் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. சரிதா இப்போது கடலூரில் வேறு ஏதோ படிக்கிறாள். செசிலியா கடலூர் போனால் அந்தக் கல்லூரி இருக்கும் தெரு வழியாகப் போக மாட்டாள்.

போன மே மாதத்தில் அவளுடைய பரபரப்புக்கு இன்னொரு காரணம் சேர்ந்துகொண்டது. நிலுவையில் இருக்கும் அப்ரூவல்களை முடித்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு. ஒரே நிபந்தனை, ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கில் அந்தப் பணியிடம் நிற்க வேண்டும். பிள்ளை குறைந்து இடம் போய்விட்டால், இல்லாத இடத்துக்கு அப்ரூவல் எப்படித் தருவது என்று ஃபைல் திரும்பி வந்துவிடும். அந்த மாதம் முழுக்க அவள் வண்டிச் சத்தம் ஓயவே இல்லை. நான் காலை டிபன் முடித்துக் கிளம்புவதற்குள் அவள் இரண்டு ஊர் முடித்திருப்பாள்.

வேணுவின் வீட்டுக்கு மட்டும் நான் முந்திக்கொண்டேன். வேணு நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். மனைவி கலியம்மாள் கொடுத்த மோரை நான் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் படபடவென்று சத்தம் கேட்டது. வேறு யார்?

"என்னாக்கா, என் வூட்டுக்கு நீங்க வந்துட்டீங்க" என்றாள் செசிலியா, வண்டிமேல் இருந்தபடியே.

"போர்டு எழுதி மாட்டியிருக்கியா, உன் வீடுன்னு?" என்றேன்.

கலியம்மாள் சிரித்தாள். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து நின்னா நான் யாருக்குத்தான் புள்ளய குடுக்கறது?" என்று சொல்லிவிட்டு என்னைத் தயக்கமாகப் பார்த்தாள். "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். எங்க நாத்தனா பையன் பாதர் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறான். கண்டிப்பா நடத்துறாங்களாம். எம் மனசுலயும் அதத்தான் நெனச்சிகினு இருந்தேன்."

நான் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். போச்சு, இந்தப் பிள்ளையும் போச்சு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கலியம்மாள் வாசலைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் டீச்சர். அது கவர்மெண்டு பள்ளிக்கூடம்தானே? எங்க பிரியா டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லிகினே இருக்குது. கவர்மெண்டுல படிச்சா அதுக்குத் தனியா எடம் குடுக்கறாங்களாமே."

பிரியா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். செசிலியா அவளைப் பார்த்தாள். வழக்கமான பதில் வரும், வண்டி நகரும் என்று நான் காத்திருந்தேன். அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். திடீரென்று தெரு அமைதியாகிவிட்டது.

"இல்லீங்கக்கா. எங்களுது கவர்மெண்டு இல்ல. புக்கு, சோறு, சைக்கிளு, வாத்தியாருங்களுக்குச் சம்பளம், எல்லாம் கவர்மெண்டு குடுக்கும். பள்ளிக்கூடத்த நடத்தறது பாதருங்க. அந்த டாக்டர் சீட்டு எங்க புள்ளைங்களுக்குக் கெடையாது. ஆறாவதுலேருந்து பன்னண்டாவது முட்டும் கவர்மெண்டுலயே படிச்சிருக்கணும்."

வேணு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஆள போடறது ஒருத்தரு, சம்பளம் குடுக்கறது இன்னொருத்தரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப அது கான்ட்ராக்ட்டு பள்ளிக்கூடம்னு சொல்லுங்க." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாணாம் கலியம்மா. இந்த வூட்டுல ஒரு கான்ட்ராக்ட்டு போதும். புள்ள பர்மனன்ட்டாவே படிக்கட்டும்."

அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை. உதவி பெறும் பள்ளிகள் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஆனால் நெய்வேலியில் ஒரு மனிதன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் வாதமே கிடையாது. பிரியா எங்கள் பள்ளிக்கு என்று முடிவாயிற்று. நான் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் தெருமுனை வரைகூட வரவில்லை.

"பைத்தியமா உனக்கு? இந்த வருஷம் பார்த்தா உண்மை பேசணும்?" என்று அவளைத் திட்டினேன்.

"சரிதா அம்மா மொகம் முன்னால வந்து நின்னுடுச்சிக்கா" என்றாள். அப்புறம் உடனே வண்டியைக் கிளப்பி, "கீழத்தெருவுல ரெண்டு வூடு இருக்குது, நீங்க வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஸ்டெல்லா ஐந்தாம் வகுப்பை மந்தாரக்குப்பத்தில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் முடித்திருந்தாள். திறந்த அன்றே பாதர் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்திருக்க வேண்டும். அம்மை போட்டிருக்கிறது என்றாள் செசிலியா. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றியாயிற்று. அடுத்து, உடம்பு தேறட்டும் என்றாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கு இழுத்தவளின் வீட்டில் ஒரு பிள்ளை மத்தியானம் வரை தூங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம் மெயின் பஜாரில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வண்டி உறுமியது. திரும்பிப் பார்க்காமலே, "என்ன ஆச்சு உங்க கணக்கு?" என்று கேட்டேன்.

"ஆறாவதுக்கு ஒண்ணே ஒண்ணு கொறையுதுக்கா."

திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வாடிப்போயிருந்தது. தலைமையாசிரியர் இன்னாசிமுத்து அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, மிரட்டத் தெரியாதவர். அதனால்தான் அவர் கேட்டது அவளுக்கு இன்னும் உறைத்தது.

"என்ன கேட்டார்?"

"அடுத்தவங்க பொண்ணுக்கு நல்லா இருக்கற பள்ளிக்கூடம் உங்க பொண்ணுக்கு மட்டும் ஆவாதா டீச்சர்னு கேட்டாரு. ஸ்டெல்லாவ சேத்துட்டா எடம் நின்னுடும், அப்ரூவல் வந்துடும், நாங்களா வாணாம்னோம்னு கேட்டாரு." அவள் ஹேண்டில்பாரைப் பிசைந்துகொண்டிருந்தாள். "எங்க வூட்டுக்காரரும் அதான் சொல்றாரு. ஒருத்தராவது பர்மனன்ட் ஆவலாமேன்னு."

"சைமன்ராஜ் சொல்றதுல என்ன தப்பு? சேர்த்துடு" என்றேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. "உன் பொண்ணு டாக்டர் ஆகணும்னு உன்கிட்ட அழுதாளா? தூங்கறதைத் தவிர அவளுக்கு எதுலயாவது ஆசை இருக்கா?"

"இல்லக்கா. ஒண்ணுத்துலயும் இல்ல. நேத்திக்கு கேட்டேன், என்னாடி ஆவப்போறன்னு. ஐஸ்கிரீம் கடை வெக்கப் போறேங்குது." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆனா பதினேழு வயசுல என்னா கேப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? சரிதாவுந்தான் ஆறாவது சேரும்போது டாக்டருன்னு சொல்லல. அப்ப எனக்குத் தெரியாம கதவ சாத்திட்டேன். இப்ப தெரிஞ்சே சாத்தணுமா? கலியம்மாக்கிட்ட ஒரு நியாயம், எம் பொண்ணுக்கு ஒரு நியாயமா?"

"அப்போ சேர்க்காதே. விடு."

"எப்படி வுடறது? வூடு வூடா போயி எம் பொண்ணு எங்க ஸ்கூல்தான்னு சொல்லிகினு இருந்தேனே. அத நம்பி சேத்தவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்? எங்க ஸ்கூலு மட்டமா என்னா? நான் உசுரக் குடுத்து நடத்தறேன்க்கா. அந்தப் புள்ளைங்களுக்கும் சீட்டுக் குடுத்திருந்தா எனக்கு இந்த ரோதனையே இல்லையே. அவங்களும் ஏழப்பட்ட புள்ளைங்கதானே?"

காய்க்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பொறுக்கிய கத்தரிக்காயையெல்லாம் திரும்பவும் கூடையில் கொட்டியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் கோபம் வந்தது, அப்ரூவல் தராத அலுவலகத்தின்மேல் கோபம் வந்தது, எல்லாவற்றையும்விட இப்படித் தத்தளிக்கிற இவள்மேல் அதிகமாக வந்தது.

"நான் சொல்றதைக் கேளு. நாளைக்கே உங்க ஸ்கூல்ல சேர்த்துடு. நம்ம நிலைமைக்கு இருக்கிற வேலைதான் முக்கியம். சீட்டைப் பத்தி அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் தலையாட்டினாள். சேர்த்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம், அப்பாடா, செசிலியா பிழைத்துக்கொண்டாள் என்றும் சொன்னேன்.

மாதத்தின் கடைசி நாள். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பள்ளிக்கே வந்து பிள்ளை பிடிக்கிறாளா என்றுதான் முதலில் தோன்றியது. சத்தம் நின்றது. செசிலியா இறங்கி, குனிந்து, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள். நடு ஸ்டாண்டு. அது வெகுநாள் பழக்கமில்லாமல் இறுகிப்போயிருந்தது. காலால் இரண்டு முறை மிதிக்க வேண்டியிருந்தது. பின்சீட்டிலிருந்து ஸ்டெல்லா இறங்கினாள். தலையை எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்கே வந்தே?" என்றேன்.

"சேக்கத்தான்க்கா."

"இங்கே இடமில்லை."

அப்படிச் சொன்னது நான்தான். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, இன்னும் ஒரு பிள்ளை கிடைக்காதா என்று நாய்க்கடிக்குக்கூட அஞ்சாமல் சந்துகளில் நுழைந்தவள், வாசலுக்கு வந்த பிள்ளையை வேண்டாம் என்றேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல எடமில்லன்னு சொல்ல உங்களுக்கு அதிகாரம் கெடையாது டீச்சர்" என்றாள் செசிலியா. என்னை அவள் அக்கா என்று கூப்பிடாமல் டீச்சர் என்று கூப்பிட்டதும் அன்றுதான்.

"நாளைக்கு உங்க கணக்கு. தெரியும்ல?"

"தெரியும்."

"சைமன்ராஜ்?"

"ராத்திரியிலேருந்து எங்கிட்ட பேசல. காலையில ஷிப்டுக்குப் போவும்போது இவ தலையத் தடவிட்டுப் போனாரு." அவள் மகளின் பையைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். "நான் நல்லவன்னு நெனச்சிக்காதீங்க. எனக்குப் பயம். இவ ஒரு நாளு வந்து, அம்மா நீங்க கவர்மெண்டு மாதிரின்னுதானே சொன்னீங்கன்னு கேட்டுட்டா நான் எந்த வாசல்ல போயி உக்கார்றது?"

நான் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தேன். குழந்தையின் கை தூக்கக் கலக்கத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. ஆறாம் வகுப்பில் பிரியா பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே உட்கார வைத்தேன். நான் திரும்பி வந்தபோது செசிலியா கேட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அவளுடைய பள்ளியில் தாமதமாகப் போனால் வெளியே நிற்க வேண்டும். அவசரத்தில் ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்க முடியாமல் திணறினாள். எங்கள் பள்ளிக் காவலாளிதான் பிடித்துத் தள்ளிவிட்டார்.

மறுநாள் கணக்கில் அவளுடைய இடம் போயிற்று. ஃபைல் திரும்பி வந்துவிட்டது. அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை ஏறினால் புதிதாகக் கேட்கலாம் என்றார்கள். அறிவியலுக்கு ஆள் வேண்டுமே என்று பாதர் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பழைய மாதிரியே நிர்வாகக் கையிலிருந்து ஏதோ கொடுக்கிறார்கள். இன்னாசிமுத்து சார் அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையாம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஸ்டெல்லா என் தமிழ் வகுப்பில் முதல் வரிசையிலேயே தூங்குகிறாள். நான் எழுப்புவதில்லை என்று சொன்னால் பொய். காதைத் திருகி எழுப்புகிறேன்.

இந்த மே மாதம் மறுபடியும் வந்தது. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு தெருவில் திரும்பினேன், எதிரே அதே படபட சத்தம். ஒரு வீட்டு வாசலில் வண்டிமேல் இருந்தபடி பேசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பெண் முதல் கேள்வியைக் கேட்டாள். செசிலியா இப்போது அதற்கு நீட்டி முழக்காமல், கவர்மெண்டு இல்லை, என்னென்ன உண்டு, என்ன கிடையாது என்று ஒப்பித்துவிடுகிறாள். எங்க பையனுக்கு அந்தச் சீட்டெல்லாம் வாணாம், ஒழுங்கா ரெண்டு எழுத்து படிச்சா போதும் என்றாள் அந்தப் பெண். செசிலியாவின் முகம் மலர்ந்தது. அப்போது அந்தப் பெண் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்.

"உங்க பொண்ணு எங்க டீச்சர் படிக்குது?"

நான் குடையை மடக்கினேன். அவள் வாய் திறப்பதற்குள் நடுவில் புகுந்து எதையாவது சொல்லி மழுப்பிவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. ஒரு பொய்தானே, நானே சொல்லிவிடுகிறேனே.

"இதோ வராங்களே, இந்த டீச்சர் பள்ளிக்கூடத்துல" என்றாள் செசிலியா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "யோசிச்சி சொல்றேங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செசிலியா அந்தக் கதவையே பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று குடையை விரித்துக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை. ஊன்றிய காலை எடுத்து, ஆக்சிலரேட்டரை முறுக்கினாள்.

"அடுத்த வூடு எதுங்கக்கா?" என்று கேட்டாள்.